1,61,979 வைரஸ்: ஒன்றையாவது யாராவது பார்த்தீர்களா?

கூவக்கரையான்:
நேற்று வேறொரு இழையில் பழைய லேப் சார் ஒரே போடாகப் போட்டிருந்தார். மரபணு வரிசைகளை வைத்துக் கண்டுபிடித்ததாக 2024இல் 'செல்' ஆய்விதழில் வந்த 1,61,979 ஆர்என்ஏ வைரஸ்களும் கம்ப்யூட்டர் கட்டிய கதையாம். "ஒன்றையாவது யாராவது மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா?" என்று வேறு கேள்வி. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பெருங்குடியில் கழிவுநீர் பிடித்து, ஐஸ் பெட்டியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தவன் நான். வடிகட்டித் தாள் பத்து நிமிடத்தில் சேறேறி அடைத்துக்கொள்ளும். கையுறை இல்லாமல் தொட்டால் விரலில் இருக்கும் நொதியே ஆர்என்ஏவைச் சிதைத்துவிடும். மிஞ்சியதை டிஎன்ஏவாக மாற்றிப் படித்தால், கழிக்காமல் விட்ட ரைபோசோம் ஆர்என்ஏதான் (எல்லா உயிரணுவிலும் கிடப்பது) முக்கால்வாசி. அந்தக் குப்பைக்குள்தான் வைரஸ் தன்னை நகலெடுக்க வைத்திருக்கும் நொதியான பாலிமரேஸின் வரிசையைத் தேடுகிறோம். இதுவா கதை?

பழைய லேப்:
தம்பி, ஸ்கூட்டர் சவாரி பிரமாதம். கேட்டதற்குப் பதில் எங்கே? பார்த்தீர்களா, இல்லையா? 31 வருஷம் லேபில் குப்பை கொட்டியவன் கேட்கிறேன்.

அடையாறு அம்மணி:
பாலிமரேஸின் வரிசை எவ்வளவு மாறிப்போனாலும் சில இடங்கள் மாறாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த 'செல்' ஆய்வுக் குழு 10,487 மாதிரிகளிலிருந்து 180 பெருங்குழுக்களைப் பிரித்தார்கள். 2022இல் இன்னொரு குழு பொதுவில் கிடக்கும் 57 லட்சம் மாதிரிகளின் தரவைச் சலித்து 1.3 லட்சத்துக்கும் மேல் எடுத்தது. முதலில் "கண்டுபிடிப்பு" என்றால் என்ன என்று பேசிக்கொள்ளலாமே?

பழைய லேப்:
பேச என்ன இருக்கிறது? சொந்தமாக ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்காமல் ஊரார் போட்டு வைத்த கோப்பைத் துழாவினார்கள். பார்த்தார்களா? 2013 கூத்து மறந்துவிட்டதா? கல்லீரல் அழற்சி நோயாளிகளிடம் புது வைரஸ் என்றார்கள். கடைசியில் அது மாதிரியிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுக்கும் கிட்டின் சிலிகாவிலிருந்து வந்திருந்தது.

கூவக்கரையான்:
அது டிஎன்ஏ வைரஸ் சார். இங்கே பேச்சு ஆர்என்ஏ.

பழைய லேப்:
சிலிகாவுக்கு ஆர்என்ஏ, டிஎன்ஏ என்று சாதி பார்க்கத் தெரியுமா?

செந்தமிழ்ப்பித்தன்:
இத்தனை படித்தவர்கள் கூடியும் ஒருவர் வாயில்கூடத் தமிழ்ச்சொல் வரவில்லை. வைரசைத் தீநுண்மி என்று எழுதினால் குறைந்தா போவீர்கள்?

அடையாறு அம்மணி:
கடல்நீரில் பாசிக்குள் தன்பாட்டுக்கு இருப்பதெல்லாம் எந்த ஊரில் "தீ"?

செந்தமிழ்ப்பித்தன்:
சரி, நச்சுயிரி.

அடையாறு அம்மணி:
நச்சும் இல்லை, உயிர் உண்டா என்பதே சண்டை. விடுங்கள் ஐயா.

கூவக்கரையான்:
பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்கிறாரே, 2006இல் மனித மலத்தில் இருந்த ஆர்என்ஏ வைரஸ்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். அதிகம் இருந்தது நம் உடம்பைத் தாக்குவது அல்ல, மிளகாய்ச் செடியைத் தாக்கும் வைரஸ். சாப்பாட்டோடு உள்ளே போய் அப்படியே வெளியே வருகிறது. அதை எடுத்துச் செடியில் தடவினார்கள், செடிக்கு நோய் வந்தது. வரிசை காட்டியது நிஜ வைரஸ்தான்!

பழைய லேப்:
அது முன்பே தெரிந்த வைரஸ். நான் கேட்பது 1,61,979இல் ஒன்று. ஒரே ஒன்று.

மிளகாய்பஜ்ஜி:
அப்போ மெரினா பஜ்ஜியிலும் இருக்குமா? மாலையில் போகலாம் என்றிருந்தேன்.

கூவக்கரையான்:
எண்ணெய்ச் சட்டியில் போனதைப் பற்றி எனக்குத் தெரியாது. நடுவில் வராதீர்கள்.

அடையாறு அம்மணி:
2017லேயே வைரஸ்களுக்கான சர்வதேச வகைப்பாட்டுக் குழு, மரபணு வரிசையை மட்டும் வைத்து வைரசை வகைப்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. துறையே ஒத்துக்கொண்ட விஷயம் இது.

பழைய லேப்:
கமிட்டி கூடித் தீர்மானம் போட்டால் கண்ணுக்கு வேலை இல்லையா? அரைகுறைத் துண்டுகளை ஒட்டவைத்து, அது தங்கி வளரும் ஓம்புயிர் எதுவென்றும் தெரியாமல், இனம் என்று எண்ணிக்கை போடுகிறார்கள். வளர்த்துக் காட்டச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதுவரை பார்த்தீர்களா?

கூவக்கரையான்:
எந்த உயிரணுவில் வளரும் என்று தெரியாததால்தானே சார் இந்த வழியே வந்தது! போன வருஷம் கேன் தண்ணீர் இழையிலும் இதே ஆட்டம்தான் ஆடினீர்கள். நான் மறக்கவில்லை.

பழைய லேப்:
கேன் தண்ணீரில் நான் சொன்னதுதான் சரி. நீதான் பாதியில் ஓடினாய்.

கூவக்கரையான்:
எனக்கு அன்று வைவா!

அடையாறு அம்மணி:
இரண்டு பேரும் அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

பழைய லேப்:
போகிறேன். அதற்கு முன்னால் ஒரு படம். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை.

கூவக்கரையான்:
எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுப்பது எல்லாமே கறுப்பு வெள்ளைதான் சார். வண்ணம் பிறகு பூசுவது.

பழைய லேப்:
எனக்கே பாடமா? நீ பிறப்பதற்கு முன்னால் டார்க் ரூமில் பிரிண்ட் போட்டவன் நான்.