கேமரன் மலை ஆர்க்கிட் கீழே வந்தபின் பூக்கவே இல்லை, என்ன செய்யலாம்?

சாந்தி, சுங்கை சிப்புட்:
வணக்கம். தைப்பூச விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனபோது பிரிஞ்சாங்கில் ஒரு பெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கி வந்தேன். வெள்ளை இதழ், நடுவில் ஊதா. சித்திரை வரை பூ நின்றது. அதன்பின் தண்டு காய்ந்தது. இலை மட்டும் கரும்பச்சையாகத் தடித்து வளர்கிறது. எங்களுடையது தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளுக்கு நடுவில் உள்ள வீடு. செடி கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் செம்பனைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி கொண்டு வருகிறேன் என்கிறார். மாமியார் தூக்கிப் போடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய மண்டோர்:
தங்கச்சி, அந்த உரம் தோட்டத்திலேயே இருக்கட்டும். செம்பனை மண்ணில் வேர்விட்டு நிற்கும் மரம். இது காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, மழைநீரில் கரைந்து வருவதைக் குடித்து வாழ்கிற செடி. ஒரு பிடி போட்டால் வேர் நுனி கருகிவிடும். தோட்டத்து நாற்றுமேடையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஆட்களுக்கு எந்தச் செடி முரண்டு பிடித்தாலும் முதலில் உர மூட்டைதான் நினைவுக்கு வரும். அரிசித் தண்ணீரும் வேண்டாம். செடி நட்டிருக்கும் பாசியில் ஊற்றினால் புளித்து நாற்றமடிக்கும்.

செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. சூடுதான் காரணம். கடைகளில் விற்கும் பெரிய பூ பெலனாப்சிஸ் பூத்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்களாவது 25 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சியோ அதற்கும் குறைவோ வேண்டும். 28க்கு மேலேயே இருந்தால் இலை விடும், வேர் விடும், பூ மட்டும் விடாது. கேமரன் மலை ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேலே இருக்கிறது; அங்கே அந்தக் குளிர் சும்மா கிடைக்கிறது. நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் கூடத்தில் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்?

இலை கரும்பச்சை என்றீர்கள். வெளிச்சமும் போதவில்லை. இளம்பச்சைதான் சரியான நிறம். நேர் வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். நண்பகலில் கையை நீட்டினால் மங்கலாக நிழல் விழ வேண்டும். வேர் வெள்ளி நிறத்துக்கு மாறியபின் தண்ணீர் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும், செம்பனைக் கன்றைப் போலத்தான்.

வனிதா, கோலக்கங்சார்:
ஐயா சொல்வதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். எங்கள் படுக்கையறைச் சன்னலில் இதே வகைதான் இருக்கிறது, ஆண்டுதோறும் பூக்கிறது. இரவில் குளிர்சாதனத்தை 22இல் வைத்தால் போதும் சாந்தி அக்கா. இரவுக் குளிர்தான் முக்கியம் என்று எல்லாரும் சொல்கிறார்களே.

பழைய மண்டோர்:
எல்லாரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளான்சார்ட், ரங்கில் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். வேளாண்மை படித்த என் மகள்தான் வாசித்துச் சொன்னாள். பகலில் 29 பாகை, இரவில் 17 பாகை என்று வைத்த செடிகள்கூடத் தண்டு விடவில்லையாம். பகலும் இரவும் 23இல் இருந்தவை பெரும்பாலும் விட்டனவாம். அதாவது பகல் வெப்பம்தான் தடுக்கிறது. இரவில் எவ்வளவு குளிர வைத்தாலும் அது ஈடாகாது. வனிதா, ஒன்று கேட்கிறேன்: உங்கள் அறையில் பகலிலும் குளிர்சாதனம் ஓடுகிறதா?

வனிதா, கோலக்கங்சார்:
ஓடுகிறது ஐயா. இவருக்குத் தொழிற்சாலையில் பல மாதம் இரவு வேலை, பகலில்தான் தூங்குவார். மின்கட்டணத்தைப் பார்த்து நான் புலம்புவதும் அதனால்தான்!

பழைய மண்டோர்:
அப்படியென்றால் உங்கள் பூவுக்கு உங்கள் வீட்டுக்காரரின் தூக்கம்தான் காரணம்.

சாந்தி, சுங்கை சிப்புட்:
சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் பகல் முழுக்க ஓட்ட வசதியில்லை. நான் வேலை செய்யும் கணக்காளர் அலுவலகம் காலை முதல் மாலை வரை குளிராகத்தான் இருக்கும். அங்கே வைக்கலாமா? இன்னொன்று, பூ இருந்தபோதே கடைசி மொட்டுகள் விரியாமல் மஞ்சளாகி உதிர்ந்தன. அதற்கும் சூடுதானா?

பழைய மண்டோர்:
அலுவலகம் நல்ல யோசனை. சன்னலோரம் இடம் பிடியுங்கள். குளிர்காற்று நேராக இலையில் அடிக்க வேண்டாம். சனி, ஞாயிறு சூடாகும், அதனால் கொஞ்சம் தாமதமாகலாம். புதிதாக ஏதாவது முளைத்தால் வேரா தண்டா என்று பாருங்கள். வேரின் நுனி உருண்டையாகப் பளபளக்கும். தண்டின் நுனி தட்டையாக, ஒரு பக்கம் மடிப்போடு இருக்கும். தண்டு தெரிந்ததும் ஆசையில் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். இளந்தண்டு சூட்டில் நின்றுபோகலாம், பூவுக்குப் பதில் குட்டிச்செடி விட்டாலும் விடும். மொட்டுகள் நன்றாகத் தெரிந்தபின் கொண்டு வரலாம்.

மொட்டு உதிர்ந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நான் சந்தேகப்படுவது சாமி மேடையை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீர்கள், தட்டில் வாழைப்பழம் இருக்கும். புகையிலும் எத்திலீன் என்ற வாயு இருக்கிறது, பழுக்கும் வாழைப்பழமும் அதை விடுகிறது. ஆர்க்கிட் மொட்டுக்கு அது ஆகாது. பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் கூடுதலாக இறங்க எத்ரல் தடவுவார்களே, அந்த மருந்து வேலை செய்வதும் இதே வாயுவால்தான். சாமியை நகர்த்தச் சொல்லவில்லை, செடியை நகர்த்துங்கள்.

வீட்டிலேயே பூ பார்க்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. பெலனாப்சிஸ் வயலாசியா என்று ஒன்று, தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ராவிலும் தாழ்நிலக் காட்டில் வளர்வது. நம் சூடு அதற்குத் தாய்வீடு. பூ சிறியது, நட்சத்திர வடிவம், நல்ல வாசனை. மலைக்கடை ஆர்க்கிட்டில் வாசனையைத் தேடினாலும் கிடைக்காது. கொத்தாகப் பூக்காது, ஒன்று விழ ஒன்று வரும். அதனால் பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டாதீர்கள், பச்சையாக இருக்கும்வரை அதே தண்டில் மறுபடி மொட்டு வரும். அவ்வளவு வெளிச்சமும் கேட்காது, ஆனால் வேர் ஒரேயடியாகக் காயக்கூடாது. போர்னியோவில் வளரும் பெலனாப்சிஸ் பெலினாவும் இதற்குச் சொந்தம்தான். 1995 வரை இரண்டையும் ஒரே இனமாகவே எழுதி வந்தார்கள். நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்குங்கள், காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பவரிடம் வேண்டாம்.

சாந்தி, சுங்கை சிப்புட்:
மிக்க நன்றி ஐயா. வெள்ளைச் செடி திங்கட்கிழமை என்னோடு அலுவலகம் வருகிறது. வயலாசியாவை எதில் நடுவது? வாங்கிய செடியில் இருப்பதுபோல் பாசியிலா?

பழைய மண்டோர்:
நம் வீடுகளில் பாசி காய நாளாகும், வேர் அழுகும். ஓட்டையுள்ள மண்சட்டியில் அடுப்புக்கரித் துண்டும் உடைத்த செங்கல்லும் போடுங்கள். கரியைக் கழுவிவிட்டுப் போடுங்கள்.