சுருதிப் பெட்டியோடு கீபோர்டு சேரமாட்டேங்குது: கம்மி விலையில் என்ன வாத்தியம் வாங்கலாம்?

கோத்தகிரி_ஆல்ட்டோ

எல்லாருக்கும் வணக்கம். சபைப் பாடகர் குழுவுல இருக்கேன். தமிழ்க் கீர்த்தனைகளை நாலு குரலாப் பிரிச்சு, சுருதிப் பெட்டி மட்டும் வெச்சுப் பாடுறோம். அப்போ காந்தாரம் (க) அப்படியே போய் உட்காருது. கீபோர்டு உள்ளே வந்ததும் அந்த இடம் கலங்கிடுது. பெட்டி 5 கட்டை சுருதி, கீபோர்டு வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதி. ஸ, ப ரெண்டும் சேருது, க மட்டும் அலையடிக்குது.

ஜஸ்ட் இன்டோனேஷன்ல (ஸ்வரங்களை எளிய விகிதத்துல சேர்க்கற முறை) வாசிக்கிற வாத்தியம்னு தேடினா நமக்கு எட்டாத விலையா இருக்கு. எங்ககிட்ட இருக்கறது 15,000 ரூபாய். டிசம்பர்ல கேரல் இருக்கு, மேடையிலயும் வெளியிலயும் பாடணும். வழி இருந்தா சொல்லுங்க.

குன்னூர்_தம்புரா

அக்கா, உங்க கீபோர்டு பழுதில்லை, உங்க காதும் சரியாத்தான் இருக்கு. 5 கட்டைன்னா ஸ 196 ஹெர்ட்ஸ். அதுக்கு 5/4 விகிதத்துல வர்ற அந்தர காந்தாரம் 245. கீபோர்டுல அந்த ஸ்வரத்தோட கட்டை (கீ) 246.94. பாக்க ரெண்டுக்குள்ளதான் வித்தியாசம். ஆனா பெட்டியோட ஐந்தாம் ஒத்திசை (ஸ-வோட அஞ்சு மடங்கு அதிர்வு) 980-லயும், கீபோர்டு காந்தாரத்தோட நாலாம் ஒத்திசை 988 கிட்டயும் நிக்குது. அதான் நொடிக்கு எட்டு அலை கேக்குது.

புதுசா எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி, கையில இருக்கற கீபோர்டோட மேனுவல்ல 'ஸ்கேல் டியூன்' இல்ல 'டெம்பரமெண்ட்'னு இருக்கான்னு பாருங்க. யமஹா பி.எஸ்.ஆர்-எஸ் வரிசை மாதிரி அரேஞ்சர் கீபோர்டுகள்ல 'ப்யூர் மேஜர்'னு இந்த விகிதமெல்லாம் தயாராவே இருக்கும். ஒவ்வொரு கட்டையையும் தனியா ஏத்தி இறக்கவும் முடியும். இல்லேன்னா செகண்ட் ஹேண்ட்ல அப்படி ஒண்ணு கோவையில தேடுங்க. சத்தம் எவ்வளவு நல்லாயிருக்குங்கறது ரெண்டாம் பட்சம், இந்த வசதி இருக்கணும்.

சங்கராபரண ஸ்வரங்களை வழக்கமான கீபோர்டு சுருதியிலிருந்து எவ்வளவு ஏத்தி இறக்கணும்னு சென்ட் கணக்கு (பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல 100 சென்ட்): ஸ 0, ரி +4, க −14, ம −2, ப +2, த −16, நி −12. உங்களுக்கு ஸ, ஜி கட்டையில வருது. அப்போ −14 போட வேண்டியது பி கட்டையில.

ரீடு_வேலை_திண்டுக்கல்

ஆர்மோனியத்தையும் யோசிங்கம்மா. பழைய பெட்டி வாங்கி ரீடை (உள்ளே அதிர்ந்து சத்தம் தர்ற தகடு) சீவிச் சேர்த்துக்கலாம். நுனியில சீவினா சுருதி ஏறும், அடியில ஆணிப் பக்கம் சீவினா இறங்கும். காந்தாரத்துக்கு அடிப்பக்கம் தொட்டாப் போதும். கை பழகாதவங்க செய்ய வேண்டாம், சீவினது சீவினதுதான்.

ஒண்ணு முக்கியம். ஸ்கேல் சேஞ்சர் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. அதுல கட்டைகள்தான் நகரும், ரீடு இருந்த இடத்துலயே இருக்கும். 5 கட்டைக்குன்னு சீவின பெட்டியை 4 கட்டைக்கு நகர்த்தினா விகிதம் எல்லாம் இடம் மாறிப் போயிடும். ஒரே சுருதியில பாடுற குழுவுக்குச் சாதாரணப் பெட்டியே நல்லது.

லேப்டாப்_கச்சேரி

லேப்டாப் இருந்தா செலவு இன்னும் குறையும். சர்ஜ் எக்ஸ்.டி.ன்னு ஒரு மென்பொருள், இலவசம். ஸ்காலா கோப்பை, அதாவது ஸ்வர விகிதங்களை எழுதின கோப்பை, போட்டா எந்த விகிதத்துலயும் வாசிக்கும். லேப்டாப்புல செருகி வாசிக்கச் சின்ன மிடி கீபோர்டு ஒண்ணு வேணும். கட்டையைத் தொட்டதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல தாமதம் 10 மில்லி செகண்டுக்குள்ள வருதான்னு வீட்டிலேயே பாத்துக்கோங்க. ஆனா மேடையில, அதுவும் குளிர்ல நின்னுக்கிட்டு லேப்டாப்பைக் கவனிக்கறது சிரமம். எனக்குத் தனிக் கீபோர்டு வழிதான் சரின்னு படுது.

கோத்தகிரி_ஆல்ட்டோ

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தெரிஞ்சவர்கிட்ட ஸ்கேல் டியூன் உள்ள கீபோர்டு இருந்துச்சு. இரவல் வாங்கி 'ப்யூர் மேஜர்' போட்டுப் பாத்தோம். முதல் கார்டுலயே (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) காந்தாரம் நின்னுடுச்சு, சோப்ரானோ ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. ம, ப, த எல்லாம் சேருது. ஆனா ரிஷபம் செத்துப் போய் இறங்கிக் கேக்குது. ப-நி-ரி கார்டு வந்தா ஊளையிடுது. ஏன்?

குன்னூர்_தம்புரா

ஆதார கட்டை இன்னும் சி-லயே இருக்கும்க்கா. சி-யை வெச்சுப் போட்ட ப்யூர் மேஜரை ஜி-ல பாடினா மத்த ஸ்வரமெல்லாம் தற்செயலாச் சரியா விழும், ஏ கட்டை, அதாவது உங்க ரி, மட்டும் 9/8-க்குப் பதிலா 10/9 ஆயிடும். 22 சென்ட் கீழே. மெனுவுல 'பேஸ் நோட்'டை (ஆதார கட்டை) ஜி-க்கு மாத்துங்க, ப-நி-ரி சேந்துடும்.

மாத்தினதும் ரி-ம-த கார்டு ஊளையிட ஆரம்பிக்கும். அதைக் கீபோர்டு கோளாறுன்னு நினைச்சுடாதீங்க. 9/8 ரிஷபத்துக்கும் 5/3 தைவதத்துக்கும் நடுவுல இருக்கற பஞ்சம இடைவெளி (ஸ-ப தூரம்) அதே 22 சென்ட் குறைவு. பன்னிரண்டு கட்டையில ரெண்டு ரிஷபத்தையும் ஒரே நேரத்துல வைக்க இடமில்லை. உங்க குழு தானாப் பாடும்போது ரெண்டு ரிஷபத்தையும் இடம் பாத்துப் பாடிடுவீங்க, அதனாலதான் இது இத்தனை நாள் வெளியே தெரியலை. ஏ கட்டை +4-ல ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் (பட்டன்ல பதிஞ்சு வைக்கிற அமைப்பு), −18-ல ஒண்ணு பதிஞ்சு வெச்சுக்கிட்டு, பாட்டைப் பாத்து பட்டனை மாத்துங்க. பாட்டுத் தாள்லயே எந்த வரியில மாத்தணும்னு குறிச்சுடுங்க.

இன்னொண்ணு: டிரான்ஸ்போஸ் தொடாதீங்க. சில மாடல்ல டியூனிங் கட்டையோட நகரும், சிலதுல நகராது.

கொடை_புல்லாங்குழல்

வெளியில பாடுறப்போ புல்லாங்குழல் சேத்துப்பீங்களா? சேத்துப்பீங்கன்னா இதையும் கவனிங்க. ஒரு டிகிரி குளிர் இறங்கினா குழல் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். இங்க கொடைக்கானல்ல ஹாலுக்குள்ள சேர்த்துட்டு ராத்திரி வெளியே வந்தா 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடு கட்டும், ஆனா ரெண்டு பாட்டுக்கு நடுவுல சும்மா இருந்தா திரும்ப இறங்கிடும். கீபோர்டு அசையாது. அத்தனை கவனமா வெச்ச −14 அந்த இடத்துல வீணாப் போகும்.

குழலை ஸ்வெட்டருக்குள்ளயே வெச்சிருக்கச் சொல்லுங்க. அப்பவும் இறங்கினா குழலோட சண்டை போடாம, கீபோர்டோட மாஸ்டர் டியூனையும் (மொத்தச் சுருதியையும் நகர்த்தற அமைப்பு) சுருதிப் பெட்டியையும் சேத்து இறக்குங்க. முழு 30 சென்ட்டும் இறங்கினாக்கூட 440-லிருந்து 432-தான். பாடுறவங்களுக்கு அது தெரியவே தெரியாது.

கோத்தகிரி_ஆல்ட்டோ

பேஸ் நோட் ஜி-க்கு மாத்தினதும் ப-நி-ரி நின்னுடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே ரி-ம-த கெட்டுச்சு, −18-ல ரெண்டாவது ரெஜிஸ்ட்ரேஷன் பதிஞ்சாச்சு. குழல் ஒண்ணு உண்டு, தம்பிகிட்ட சொல்லிட்டேன். கீபோர்டுக்காரர் அதையே விலைக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கார். வாங்கறதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கணும்?

குன்னூர்_தம்புரா

கரண்ட்டை நிறுத்திட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்க. ரெண்டு ரெஜிஸ்ட்ரேஷனும் அப்படியே இருக்கணும். அப்புறம் பேஸ் நோட்டும் அதோட சேந்து பதியுதான்னு பாருங்க, மாஸ்டர் டியூன் எந்த மெனுவுல இருக்குன்னும் கேட்டு வெச்சுக்கோங்க. இது மூணும் சரின்னா வாங்கிடுங்க.