மறு: கேமரா ட்ராப் – ‘படக்கண்ணி’ வேண்டாமே

> பொறி என்பதைவிடப் ‘படக்கண்ணி’ அழகு. கண்ணும் இருக்கிறது, கண்ணியும் இருக்கிறது. சொற்பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வணக்கம் ஐயா. காட்டில் விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் ‘கேமரா ட்ராப்’புக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

சிலேடையை நானும் ரசித்தேன். ஆனால் காட்டோரத்து ஊர் ஒன்றில் போய், “உங்க தடத்துல நாலு கண்ணி வச்சிருக்கோம்” என்று சொல்லிப் பாருங்கள்! அங்கே கண்ணி என்றால் முயலுக்கும் பன்றிக்கும் வைக்கிற கம்பிச் சுருக்கு. வியட்நாம், லாவோஸ் எல்லையிலுள்ள அன்னமைட் மலைக்காடுகளைக் காலிசெய்து வருவதும் அதே கம்பிதான். அந்த வியட்நாமில்தான், கிட்டத்தட்ட 30 ஆண்டுகளாக ஆய்வாளர் கண்ணில் படாத வெள்ளிமுதுகுச் சருகுமான் இன்னும் உயிரோடிருப்பது கேமராவால் 2019இல் உலகுக்குத் தெரிந்தது. கொல்வதற்கும் கண்டறிவதற்கும் ஒரே பெயரா?

பொறியிலும் இந்தச் சிக்கல் பாதி உண்டு. மறுபாதி, பொறி என்றால் இயந்திரமும்தான். ‘படப்பொறி’ என்றால் வெறும் கேமரா என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். ‘கண்காணிப்பு கேமரா’வோ நகைக்கடை வாசலில் ஓயாமல் ஓடுவது. இது அப்படி ஓடாது. அசைகிற உடம்பின் வெப்பத்தை அகச்சிவப்பு உணரி அறிந்தால் மட்டும் விழித்துப் படமெடுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

என் பரிந்துரை ‘தடக் கேமரா’. விலங்கு நடக்கிற தடத்தோரம் மரத்தில் கட்டுகிறோம். அது வந்துபோன தடயம் கிடைக்கிறது. கேமராவையும் தமிழாக்க வேண்டும் என்பவர்கள் அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளட்டும். (‘தடக்கண்’ என்றும் யோசித்தேன். தடங்கண் இலக்கியத்தில் பெண்ணின் அகன்ற விழி. புலவர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

என்னை அதிகம் உறுத்துவது ‘கேப்சர்’. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கையாண்டு 1995இல் வெளியிட்ட முறையில், புலிக்குப் புலி வரி வேறு என்பதால், முதல் படம் கேப்சர், அதே புலி திரும்ப வந்தால் ரீகேப்சர். எத்தனை புலி எத்தனை முறை திரும்ப வந்தது என்பதிலிருந்து, படத்தில் சிக்காதவற்றையும் சேர்த்து மொத்தத்தை மதிப்பிடலாம். இதைப் ‘பிடிப்பு, மீள்பிடிப்பு’ என்று எழுதிய என் வரைவைப் படித்துவிட்டுத் தங்கை கேட்டாள்: “அத்தனை புலியையும் கூண்டுலயா அடைச்சாங்க?”

நம்மிடம் சிக்குவதைக் குறிக்கும் ‘படு’ இருக்கிறது. நற்றிணை 119இல் தினை மேயும் பன்றிக்காக வைத்த கல் அடார் என்ற பொறியில் புலி படுகிறது. இங்கே தலைகீழ்: 2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். 3,48,58,623 படங்கள். அவற்றில் புலி 76,651, சிறுத்தை 51,777. புலிக்கு வைத்ததில் காடே பட்டிருக்கிறது. ஆகவே ‘படல், மறுபடல்’ என்கிறேன். பிடி என்றால் பிடிப்பவர் ஒருவர் வேண்டும், படுவதற்கு வேண்டாம்.

---

> ஆகவே ‘படல், மறுபடல்’ என்கிறேன்.

கண்ணியை அவிழ்த்துவிட்டேன் தம்பி. கண்ணிவெடி அகற்றிய ஊர்களில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்றும் நான் யோசித்திருக்க வேண்டும். தடக் கேமராவுக்குச் சம்மதம்.

படலுக்கு மாட்டேன். எங்கள் பக்கம் படல் என்றால் ஓலைத் தட்டி, ஆட்டுக்கிடைக்கு வைப்பது. வினையாகவே விட்டுவிடுங்கள்: “இந்தப் பெண்புலி மூன்று முறை பட்டது.” அட்டவணைத் தலைப்புக்கு ‘பட்டவை, மறுபடி பட்டவை’ போதாதா?

20 கேமரா 30 இரவு இருந்தால் 600 ‘கேமரா இரவு’ என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். அதில் கை வைக்க வேண்டாம், அப்படியே சேர்க்கிறேன்.