"சாமி உண்டு, மதம் இல்லை" என்பவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

கடலூரிலிருந்து:

தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தபோது, எல்லோருக்கும் சாப்பாடு போடும் தருமச்சாலையில் காய் நறுக்கும் இடத்தில் ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பூசணிக்காயைப் பத்தை போட்டுக்கொண்டே, "சாமி உண்டு தம்பி. ஆனா என்ன மதம்னு கேட்டா சொல்லப் பிடிக்கல" என்றார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊர்த் தேர் இவர்கள் தெருவுக்குள் வராதாம். அவருடைய அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு, தெருமுனை வரை போய் நின்று கும்பிட்டுத் திரும்புவாராம். "தேர்ல இருந்தவர் மேல எனக்கு வருத்தமே இல்ல. வடம் பிடிச்சவங்களோடதான் ஒட்டல."

வடலூர் அவருக்கு ஒட்டிப்போனதில் ஆச்சரியமில்லை. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யார், என்ன என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். அங்கே வழிபடும் இடமான ஞானசபையில் சிலை கிடையாது, ஏழு திரையும் விலகினால் ஜோதி. கந்தகோட்டத்து முருகனை உருகி உருகிப் பாடியவர் வள்ளலார். அவரே 1873-இல் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது, சைவம், வைணவம் எதிலும் பற்று வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்தி தளர்ந்தவர்கள்தான் மதத்தை விடுவார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

திருச்சியிலிருந்து:

நான் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசைக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டேன், ஜெபத்தை விடவில்லை. கோயங்கா என்ற ஆசிரியர் வழியில் நடக்கும் விபாசனா தியான முகாமில் பத்து நாள் இருந்தேன். கட்டணமும் இல்லை, பேச்சும் இல்லை. ஜெபமாலை, மந்திரம், ஊதுபத்தி எல்லாவற்றையும் முகாம் முடியும்வரை ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். என் அறையில் இருந்த அக்கா ஐந்து வேளையும் தொழுகிறவர். அதை நிறுத்தி வைக்க முதலில் ரொம்பவே தவித்தார். கடைசியில் பேச விட்டபோது, "இனிமே தொழுகையில மனசு இன்னும் நிக்கும்" என்றார். எனக்கோ பூசைக்குத் திரும்பத் தோன்றவில்லை. அதே மூச்சைத்தான் இருவரும் கவனித்தோம்!

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மணியடிக்க, கல்லறையில் இடம் தர ஒரு பங்குக் கோயில் வேண்டுமே? மதத்தை விட்டவர் வீட்டுக்கு யார் வருவார்கள்?

விழுப்புரத்திலிருந்து:

சகோதரி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியப்பா சன்மார்க்கி, அதாவது வள்ளலார் வழியில் நடப்பவர். எரிக்காமல் புதைக்க வேண்டும், கருமாதி, திதி கூடாது என்பது வள்ளலார் சொன்ன வழி. அப்படியே செய்யச் சொல்லிவிட்டுத்தான் போனார். "கொள்ளி வைக்காத சாவா?" என்று ஒரு பங்காளி தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். இன்றுவரை எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் சுற்றுவட்டாரத்துச் சன்மார்க்க அன்பர்கள் வந்தார்கள். குழி வெட்டியது, தூக்கியது, அருட்பெருஞ்ஜோதி மந்திரம் சொல்லி மண் தள்ளியது, மறுநாள் ஊருக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியது எல்லாம் அவர்கள்தான். அதில் பாதிப்பேரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.