பவுன்ஸ் ரேட் 80 சதவீதம், எங்கே தவறு?

கேள்வி:
தையல் பாடங்களுக்குத் தளம் வைத்திருக்கிறேன். சட்டைக் காலர் வெட்டும் பக்கத்துக்குத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் அதன் பவுன்ஸ் ரேட் (வந்ததும் திரும்பிப் போகும் வருகைகளின் பங்கு) 80 சதவீதம். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது, மனசு கேட்கவில்லை. எழுத்து சரியில்லையா?

பதில்:
பழைய அனலிட்டிக்ஸில் ஒரே பக்கம் பார்த்துவிட்டுப் போனாலே பவுன்ஸ். நீங்கள் பார்க்கும் 4-இல் அப்படி இல்லை. 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டாவது பக்கம் திறந்தாலோ, நீங்கள் குறித்து வைத்த முக்கிய நிகழ்வு (ஒரு பட்டனை அழுத்துவது போல) நடந்தாலோ பவுன்ஸ் ஆகாது. அப்படியென்றால் வருகிறவர்களில் பெரும்பாலோர் 10 வினாடிக்கு மேல் இருப்பதில்லை; படித்துவிட்டுப் பிடிக்காமல் போகவில்லை, படிக்கவே தொடங்கவில்லை. எழுத்தைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தை மொபைலில் திறந்து பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். மேலே உள்ள படமே 4 எம்பி, மெதுவாக வருகிறது. அப்புறம் செய்திமடல் பெட்டி திரையை மூடுகிறது. காலர் அளவுகள் மூன்று திரை தள்ளித்தான்.

இன்னொருவர்:
பெட்டியை இன்றே எடுத்துவிடுங்கள். படத்தைச் சுருக்குங்கள், முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. காலர் அளவுகளை மேலே கொண்டுவாருங்கள். மாற்றியபின் மொபைல், கணினி இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.