முதலாம் உலகப்போர்: பதுங்குகுழி வரிசையை உடைக்க ஏன் இத்தனை வருடம் ஆனது?

கேள்வி:
மேற்கு முனையில் (பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம்) 1914 கடைசியிலிருந்து 1918 வரை போர்முனை பெரிதாக நகரவே இல்லை என்று படித்தேன். எதிரி குழிக்குள் உட்கார்ந்திருக்கிறான், சரி, ஆயிரக்கணக்கில் ஆட்கள் போய் மோதினால் ஒரு இடத்திலாவது உடையாதா? இல்லையென்றால் சுற்றிப் போகக் கூடாதா? அப்புறம் படங்களில் எல்லாக் குழியும் வளைந்து வளைந்தே போகிறதே, நேராக வெட்டினால் வேலை மிச்சம்தானே?

பதில் 1:
சுற்றிப் போக வழியே இல்லை நண்பரே. 1914 செப்டம்பரில் மார்ன் ஆற்றருகே ஜெர்மானியர் தடுக்கப்பட்ட பிறகு, இரு தரப்பும் வடக்குப் பக்கமாக ஒருவரையொருவர் வளைக்கப் பார்த்து, பார்த்து, கடைசியில் கடலே வந்துவிட்டது. மறுமுனை சுவிட்சர்லாந்து எல்லை. நடுவில் சுமார் 700 கிலோமீட்டர்.

வளைவுக்குக் காரணம் உண்டு. நேரான குழிக்குள் எதிரி ஒருவன் இறங்கிவிட்டால் கடைசி ஆள் வரை சுட்டுத் தள்ளலாம். ஷெல் (பீரங்கிக் குண்டு) விழுந்தாலும் சிதறல் நெடுகப் பாயும். திருப்பம் இருந்தால் சேதம் அந்தத் துண்டோடு நிற்கும். அதோடு குழி ஒன்றல்ல: முன்வரிசை, அதன் பின்னால் துணை வரிசை, அதற்கும் பின்னால் இருப்புப் படைக்கானது, இவற்றை இணைக்கும் குறுக்குக் குழிகள். சாப்பாடு, குண்டு, காயம்பட்டவர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான், பெரும்பாலும் இரவில்.

பதில் 2:
ஆயிரக்கணக்கில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸில் சொம் ஆற்றருகே நடந்த சண்டை இருக்கிறதே. தாக்குதலுக்கு முன்னால் பிரிட்டிஷ் பீரங்கிகள் 7 நாள் அடித்தன, 15 லட்சத்துக்கும் மேல் ஷெல்கள். நிறைய வெடிக்கவே இல்லை, வெடித்த சிதறுகுண்டும் முள்கம்பியைச் சரியாக அறுக்கவில்லை, ஜெர்மானியர் ஆழமான நிலவறைகளில் பத்திரமாக இருந்தார்கள். பீரங்கி அடி முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்கு நகர்ந்ததும் இயந்திரத் துப்பாக்கியோடு மேலே ஏறி வந்தார்கள். 1916 ஜூலை 1, அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் மட்டும் 19,240 பேர்.

கேட்டவர்:
அப்படியென்றால் முதல் குழியைப் பிடிக்கவே முடியாதா?

பதில் 3:
பிடிக்கலாம், பலமுறை பிடித்தார்கள். சிக்கல் அதற்கு அடுத்த சில மணி நேரம். 1915 மார்ச்சில் பிரான்ஸின் நியூ சாப்பல் கிராமத்தில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் 35 நிமிடம் மட்டும் பீரங்கி அடித்துவிட்டு முதல் காலையிலேயே ஊரைப் பிடித்துவிட்டன. பிறகு? தொலைபேசிக் கம்பி அறுந்துபோகும், செய்தியை ஆள்தான் ஓடிக் கொண்டுபோக வேண்டும், தளபதியின் உத்தரவு திரும்பி வருவதற்குள் நிலைமை மாறியிருக்கும். தாக்குபவன் தன் பீரங்கியே உழுதுபோட்ட நிலத்தில் நடந்து போகிறான், தடுப்பவனுக்கு ஆள் ரயிலில் வந்து இறங்குகிறது. இந்தப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் சொல்லுங்கள்.

பதில் 4:
நச்சுவாயுவும் இதைத் தீர்க்கவில்லை. 1915 செப்டம்பரில் பிரான்ஸின் லூஸில் பிரிட்டிஷார் திறந்துவிட்ட குளோரின் சில இடங்களில் அவர்கள் பக்கமே திரும்பியது. மெல்ல மெல்லத்தான் வழி கண்டுபிடித்தார்கள்: காலாட்படைக்குச் சற்று முன்னால் ஷெல் மழையை நகர்த்திக்கொண்டே போவது, முள்கம்பியை நசுக்க டாங்கி, வலுவான இடங்களை விட்டுவிட்டு இடுக்குகளில் புகும் ஜெர்மன் சிறு குழுக்கள். 1918 மார்ச்சில் ஜெர்மானியர் நிஜமாகவே உடைத்தார்கள், ஆனால் பீரங்கியும் சாப்பாடும் பின்தங்கி நின்றுபோனார்கள். ஆகஸ்டில் பிரான்ஸின் அமியானிலிருந்து நேச நாடுகள் (பிரிட்டன், பிரான்ஸ் தரப்பு) வேறு மாதிரி செய்தன. ஒரு இடத்தில் அடி, வேகம் குறைந்ததும் நிறுத்து, உடனே வேறு இடத்தில் அடி. அது பலித்தது.

பதில் 2:
முள்கம்பி என்றதும் இன்னொன்று. கம்பிக்கு அடியில் நீளக் குழாயில் வெடிமருந்தைச் செருகி வெடிக்கும் 'பெங்களூர் டார்பிடோ' நம்ம ஊர்ப் பக்கத்துச் சரக்கு. 1912-ல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரி பெங்களூரில் உருவாக்கியது.