அர்த்தம் தெரியுது, ஆனா பேசும்போது வார்த்தை வர மாட்டேங்குது

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசமா தினமும் 20 இங்கிலீஷ் வார்த்தை நோட்டுல எழுதி மனப்பாடம் பண்றேன், இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம், கீழ தமிழ்லயே உச்சரிப்பு. யாராவது நோட்டைப் பாத்து கேட்டா பாதிக்கு மேல டக்குனு சொல்லிடுவேன். ஆனா பேசும்போது ஒண்ணும் வர மாட்டேங்குது, எழுதினாலும் "அர்த்தம் புரியுது, ஆனா இப்படி யாரும் சொல்ல மாட்டாங்க"ன்னு திருத்துறாங்க. போன வாரம் ஒரு மீட்டிங்ல 'டிடர்மின்'னு சொல்ல வேண்டியத 'டிடர்மைன்'னு சொல்லிட்டேன், ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் நான் வாயே திறக்கல. சுரங்கத்துக்கு 'மைன்', அதே எழுத்துதானே இதுலயும் வருது, ஏன் மாறுது? நான் படிக்கிற முறையே தப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
உழைப்பு தப்பில்லைங்க, நோட்டோட அமைப்புதான் பிரச்சனை. ஒரு வார்த்தைக்கு ஒரு தமிழ் அர்த்தம்னு எழுதும்போது ரெண்டும் சமம்னு மனசு நம்பிடுது. தமிழ்லயே யோசிங்க. துணி துவைக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், முகம் கழுவுறோம். ஒருத்தர் வந்து "துணிய கழுவினேன்"னு சொன்னா நமக்குப் புரியும், ஆனா தமிழ் புதுசா கத்துக்கிறவர்னு உடனே தெரிஞ்சிடும். உங்களத் திருத்துறவங்களுக்கும் அதேதான் நடக்குது. இங்கிலீஷ்ல இந்த மூணுக்கும் 'வாஷ்' போதும், ஆனா நம்ம 'பார்' அங்க மூணா உடையும்: டிவிய 'வாட்ச்' பண்ணணும், போட்டோவ 'லுக் அட்', சும்மா கண்ணுல பட்டா 'சீ'. நோட்டுல மூணுக்கும் நேரா 'பார்'னு எழுதியிருந்தா எத எங்க போடுறதுன்னு எப்படித் தெரியும்?

'பண்ணு'வும் அப்படித்தான். மிஸ்டேக்குக்கு 'மேக்', ஹோம்வொர்க்குக்கு 'டூ', மாத்திப் போட்டா கேக்கிறவங்களுக்கு உறுத்தும். மழைக்கு 'ஹெவி', டீக்கு 'ஸ்ட்ராங்'. 'டவுட்' இன்னும் மோசம், சந்தேகம் கேக்கணும்னா நாம 'ஐ ஹேவ் எ டவுட்'னு ஆரம்பிக்கிறோம், ஆனா மத்த நாட்டு ஆளுங்க பல பேருக்கு அது நீங்க சொல்றத நான் நம்பலன்னு கேக்கும், அங்க 'க்வெஸ்சன்'னு சொன்னா போதும்.

அதனால 20 வேண்டாம், 5 போதும். ஒவ்வொண்ணையும் அது கூட சேந்து வர்ற வார்த்தையோட எழுதுங்க, உங்க சொந்த வேலையிலேருந்து ஒரு வாக்கியம் எழுதி அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. தமிழ் அர்த்தம் போட்ட டிக்ஷனரிய விட லேர்னர்ஸ் டிக்ஷனரி நல்லது, அதுல விளக்கத்தையே எளிய வார்த்தையில எழுதுவாங்க, லாங்மேன்னு ஒரு பதிப்பகம் 1978லேயே தங்களோட டிக்ஷனரியில ஏறக்குறைய 2000 வார்த்தைக்குள்ள எல்லா விளக்கத்தையும் அடக்கிக் காட்டினாங்க. அந்த 2000 கைவசம் இருந்தா மிச்சத்த நீங்களே படிச்சுக்கலாம்.

பதில் 2:
மேல சொன்னது சரி, நான் உச்சரிப்பு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா பல பேர் வாய் திறக்காததுக்கு அதுதான் காரணம்.

முதல்ல உச்சரிப்ப தமிழ்ல எழுதுறத நிறுத்துங்க. 'பேட்'னு எழுதினா அது கிரிக்கெட் மட்டையா, கெட்டதா, தட்டிக் கொடுக்கிறதா, எழுதுற பேடா? இங்கிலீஷ்ல நாலும் நாலு சத்தம், நம்ம எழுத்துல எல்லாம் ஒண்ணு. ப, ட ரெண்டுமே மெல்லிசாவும் கனமாவும் ஒலிக்கும், எழுத்து பிரிச்சுக் காட்டாது. ஆன்லைன் டிக்ஷனரியில ஸ்பீக்கர் படத்த அழுத்தி மூணு தடவ கேளுங்க, நாலாவது தடவ கூடவே சொல்லுங்க.

இப்ப உங்க 'டிடர்மின்'. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தையோட எல்லா அசையும் ஒரே பலத்துல வராது, ஒண்ணுல அழுத்தம் விழும், மத்தது தேஞ்சுடும். 'டிஃபைன்', 'கம்பைன்' ரெண்டுலயும் அழுத்தம் கடைசியில, அதனால 'ஐன்' முழுசா கேக்கும். 'டிடர்மின்', 'எக்ஸாமின்', 'இமாஜின்' எல்லாத்துலயும் அழுத்தம் நடுவுல 'டர்', 'ஸா', 'மா' மேல விழுது, வால் தேஞ்சு 'இன்' ஆயிடுது. எல்லா வார்த்தைக்கும் இது பொருந்தாது, ஆனா நிறைய இடத்துல கை கொடுக்கும். நாம தமிழ்ல அசைகள ஏறக்குறைய சமமா சொல்லிப் பழகினவங்க, அதான் எல்லா எழுத்துக்கும் முழுச் சத்தம் கொடுக்கத் தோணுது. 'டெவலப்'புல நாம 'டெ'ய அழுத்துறோம், அவங்க 'வெ'ய அழுத்துவாங்க. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்னா முதல் அசை, பதிவு பண்ற வினைன்னா ரெண்டாவது. டிக்ஷனரியில உச்சரிப்புக் குறியீட்டுல ஒரு குட்டி நேர்கோடு இருக்கும், அதுக்கு அடுத்த அசையிலதான் அழுத்தம். நோட்டுல அந்த அசைக்கு அடிக்கோடு போட்டா போதும்.

அப்புறம் எழுத்த நம்பவே நம்பாதீங்க. கடனுக்கான 'டெட்'ல வர்ற அந்த சத்தமில்லாத 'பி', பிரெஞ்சுலேருந்து வந்தப்ப கிடையாது, லத்தீன் மூலத்தக் காட்டணும்னு படிச்சவங்க பின்னாடி சேத்தது, யாரும் அத உச்சரிச்சதில்ல.

பதில் 3:
பதில் 1ல ஒண்ணுல மட்டும் எனக்கு உடன்பாடில்ல. தமிழ் அர்த்தத்த ஒதுக்க வேண்டாம், சட்டுனு பிடிபட அதுதான் உதவும், ஆனா அதோட நிக்கக் கூடாது. ரூட் வேர்ட்ஸும் பயன்படும், 'ஸ்பெக்ட்'னா லத்தீன்ல பார்க்கிறது, அதிலேருந்து 'இன்ஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்'னு பல வார்த்தை ஞாபகத்துல உக்காந்துடும். ஆனா வேர் தெரிஞ்சதால உபயோகம் தெரிஞ்சிடாது. நம்ம கட்டுமரமே அங்க போய் 'கேட்டமரன்' ஆகி இன்னிக்கு ரெண்டு உடல் சேத்துக் கட்டின படகு, பாய்மரப் படகுக்கும் அந்தப் பேரு. நம்ம வார்த்தையவே திரும்பக் கத்துக்க வேண்டியிருக்கு.

இன்னொண்ணு, எழுதினத எப்பத் திரும்பப் பாக்கறீங்கன்னு நீங்க சொல்லவே இல்ல. எபிங்ஹாஸ்னு ஞாபகசக்திய ஆராய்ஞ்ச ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்னையே சோதிச்சு எழுதி வெச்சிட்டார், படிச்சதுல பெரும்பகுதி முதல் நாள்லயே போயிடும்னு. மறுநாள், மூணாம் நாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு இடைவெளி விட்டு, அர்த்தத்த மறைச்சு வெச்சுக் கேட்டுப் பாருங்க. வெறுமனே திரும்பப் படிக்கிறது வேற, மறைச்சுக் கேக்கறது வேற.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 'பேட்' படிச்சதும் பழைய நோட்ட எடுத்துப் பாத்தேன், 'பில்'லுன்னு ஒரே மாதிரி ரெண்டு இடத்துல எழுதி வெச்சிருக்கேன், ஒண்ணு மாத்திரை, ஒண்ணு ரசீது. நேத்து 'டிடர்மின்' மட்டும் எடுத்து 'டர்'ல அடிக்கோடு போட்டு, எங்க வேலையில காரணத்தக் கண்டுபிடிக்கிறதுக்கு 'டிடர்மின் த காஸ்'னு வாக்கியம் எழுதி இருபது தடவ சத்தமா சொன்னேன். ஒரு சந்தேகம், அந்த 5 வார்த்தைய எங்கேருந்து எடுக்கிறது? லிஸ்ட்லேருந்தா?

பதில் 1:
லிஸ்ட் வேண்டாம். அன்னிக்கு பேசும்போது எந்த இடத்துல வார்த்தை கிடைக்காம நின்னீங்களோ அத தமிழ்ல குறிச்சு வெச்சுக்குங்க, ராத்திரி அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்வாங்கன்னு தேடுங்க. அடுத்த மீட்டிங்ல அந்த 'டிடர்மின் த காஸ்' சொல்லிட்டு இங்க வந்து எழுதுங்க, காத்திருக்கேன்.